வீட்டு எல்லைக்குள் ஊனமில்லை

தனகோட்டி செய்த தப்பு ஒன்றுதான். வீட்டை ஆய்வு செய்ய வந்த அதிகாரிகளுக்குத் தன் கையால் டீ போட்டுக் கொடுத்துவிட்டார்.

அதுவும் ஏனோதானோ டீ இல்லை, இஞ்சி தட்டிப் போட்ட டீ. ராணுவத்தில் இருந்தபோது பனிமலை முகாமில் அவர் போடும் டீக்காக மேஜரே வந்து டம்ளரோடு நிற்பார் என்று மனைவி மணிமொழி தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அதே முகாமிலிருந்து ரோந்து போன ஒரு விடியற்காலையில் கண்ணிவெடி ஒன்று அவருடைய இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. பிறகு ஆஸ்பத்திரி, மெடல், ஓய்வு, சக்கர நாற்காலி. செஞ்சியில் சொந்த வீடு இருந்தது. வந்து சேர்ந்தார்.

வீடு என்னவோ அவருடையதுதான். அதிலிருந்து வெளியே வருவதுதான் அவர் கையில் இல்லை. வாசலில் மூன்று படி, படிக்குக் கீழே சாக்கடைக் கால்வாய், அதைத் தாண்டினால் தெரு. டாக்டரிடம் போக வேண்டும் என்றால்கூட இரண்டு பேர் வந்து நாற்காலியோடு தூக்க வேண்டும். எல்லையில் நாற்பது கிலோ மூட்டையைச் சுமந்து ஏறிய மனிதருக்கு, தன்னை ஒருவர் மூட்டையாகத் தூக்குவது பிடிக்கவில்லை. வெளியே போவதையே விட்டுவிட்டார். கேட்டால் வெயில் என்பார். மழைக்காலத்திலும் வெயில் என்பார்.

ரேஷன் கடையில் எடை போடுகிற மணிமொழிக்கு, எதில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஒருநாள் வெல்டிங் பட்டறை பீமாராவை அழைத்துக்கொண்டு வந்தாள். அவர் கால்வாயைத் தாண்டித் தெருவில் இறங்குகிற மாதிரி இரும்பில் ஒரு சாய்தளம் செய்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, பச்சைப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். சாக்கடை அள்ளும்போது தூக்கி வைக்க வசதியாகப் போல்ட் போட்டு மாட்டினார். அதைத் தொடர்ந்து வீட்டுக்குள்ளும் வேலை நடந்தது. நிலைப்படிகள் போயின. அடுப்பு மேடை தாழ்ந்தது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் குழாய் வந்தது.

சாய்தளம் மாட்டிய காலையில் தனகோட்டி தெருவில் இறங்கிக் கடைத்தெரு வரைக்கும் போனார். திரும்பி வரும்போது மடியில் மல்லிகைப்பூ இருந்தது. கல்யாணமாகி அவர் பூ வாங்கி வந்தது அது இரண்டாவது தடவை. முதல் தடவை வாங்கியது வாடிப்போன கனகாம்பரம். அதனால் இதை முதல் தடவை என்றே வைத்துக்கொள்ளலாம் என்று மணிமொழி தீர்ப்புச் சொன்னாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் பஸ் ஸ்டாண்டில் அந்த ஃபிளெக்ஸ் முளைத்தது. ஊனமுற்ற முன்னாள் படைவீரர்கள் தாங்கள் குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு வரிச் சலுகை பெறலாம். அணுகவும், இல்லவரிச் சலுகைத் தகுதி ஆய்வு மையம். பக்கத்தில் ஒரு வீரர் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார். அவர் எந்த நாட்டு ராணுவம் என்று தனகோட்டிக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. ஆனாலும் சல்யூட் அடித்துக் கூப்பிடுகிறார்கள், போகாமல் இருந்தால் மரியாதை இல்லை என்று மனுப் போட்டார்.

ஆய்வுக்கு வந்தவர் அலுவலர் ரங்கநாதன். கூடவே அளவு நாடாவோடு முருகையன். மனுதாரர் எங்கெங்கே கஷ்டப்படுகிறார் என்று காட்டும்படி ரங்கநாதன் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்தவர்களிடம் கஷ்டத்தையா காட்டுவார்கள்? தனகோட்டி வீட்டைக் காட்டினார். நாற்காலியை ஒரே திருப்பில் திருப்பி அடுக்களைக்குள் போனார், அடுப்பைப் பற்றவைத்தார், டீயை வடிகட்டித் தட்டை மடியில் வைத்து, ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுவந்து நீட்டினார்.

"இவரு எதுக்கும் யாரையும் எதிர்பாக்க மாட்டாரு சார்," என்றாள் மணிமொழி. அதைச் சொல்வதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

"அப்படியா," என்று ரங்கநாதன் எழுதிக்கொண்டார். இன்னொரு டம்ளர் கிடைக்குமா என்று கேட்டு, அதையும் குடித்துவிட்டு எழுதினார்.

சில வாரத்தில் பதில் வந்தது. மனுதாரர் வீட்டுக்குள் தடையின்றி நடமாடுவதும், சமைப்பதும், உபசரிப்பதும் நேரில் உறுதி செய்யப்பட்டன. வரி என்பது வீட்டுக்கானது. மேற்படி வீட்டு எல்லைக்குள் ஊனம் ஏதும் காணப்படவில்லை. எனவே விசாரணைக்கு நேரில் ஆஜராகவும்.

தனகோட்டி அதை இரண்டு தடவை படித்துவிட்டுத் தன் முழங்காலுக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டார்.

"இன்னா பாக்குறீங்க?" என்றாள் மணிமொழி.

"ஒன்னுமில்ல. ஆபீஸ்ல எழுதியிருக்காங்களேன்னு பாத்தேன்."

ஆய்வு மையம் திண்டிவனம் ரோட்டில் ஓர் உரக்கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. படி செங்குத்தாக இருந்தது. தனகோட்டி கீழேயே இருந்தார். மணிமொழி மேலே போய்ச் சொன்னாள். விசாரணை அலுவலகத்தில்தான் நடக்க வேண்டும், அலுவலர் கீழே இறங்கினால் அது விசாரணை ஆகாது, சந்திப்பு ஆகிவிடும் என்று ரங்கநாதன் விளக்கினார். கொஞ்சம் யோசித்து அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். பால்கனி அலுவலகத்தைச் சேர்ந்தது. மனுதாரரின் குரல் பால்கனிக்கு எட்டினால் மனுதாரர் ஆஜர்.

அப்படித்தான் அந்த விசாரணை நடந்தது. மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ரங்கநாதன். கீழே உர மூட்டைகளுக்கு நடுவில், அணிவகுப்பு மைதானத்தில் கத்துகிற குரலில் தனகோட்டி. இடையில் மேல்சித்தாமூர் பஸ் வந்து நின்று, கண்டக்டர் விசில் ஊதாமல் வேடிக்கை பார்த்தார்.

"கால் போனது உங்க வீட்டுலயா?"

"இல்ல சார். எல்லையில."

"அப்ப சம்பவ இடமும் வீடு இல்ல. நல்லா கவனிக்கணும். ரோட்டுல உங்களுக்கு ஊனம் இருக்கலாம், நான் மறுக்கல. பஸ்ல இருக்கலாம், பேங்க்ல இருக்கலாம். ஆனா அது உங்க வாசல்ல நின்னுடுது, உள்ள வர்றதில்ல. நான் கண்ணால பாத்தேன். டீ ரொம்ப நல்லா இருந்துது, அதையும் எழுதியிருக்கேன். நல்லத மறைக்கிற பழக்கம் எங்க மையத்துல கிடையாது."

"ஐயா சொல்றதும் கரெக்ட்டாத்தானே இருக்குது," என்றார் கூட்டத்தில் மணிலாக் கடலை மூட்டையோடு நின்ற ஒருவர்.

"அப்புறம் அந்தச் சாய்தளம்," என்று ரங்கநாதன் தொடர்ந்தார். "அது வீட்டோட பாகமா, இல்லையா? பாகம்னா அனுமதி வாங்காத கட்டுமானம். இல்லன்னா தெருவ ஆக்கிரமிச்ச பொருள். எதுன்னு நீங்களே சொல்லலாம். மனுதாரருக்கு எல்லா உரிமையும் குடுத்துத்தான் நாங்க எடுப்போம்."

இதற்குள் கீழே இறங்கி வந்திருந்த மணிமொழி அங்கிருந்தே கேட்டாள். "அத்த எடுத்துட்டா இவரு வெளிய எப்பிடி சார் வர்றது?"

"வெளிய வர்றதுக்குச் சலுகை குடுக்கிறது எங்க மையம் இல்லம்மா. வீட்டுல இருக்கிறதுக்குத்தான் நாங்க."

"அப்ப மனுவ வாபஸ் வாங்கிக்கிறோம். எங்களுக்குச் சலுகையே வேணாம்."

"வாங்கிக்குங்க. சலுகைதான் வாபஸ் ஆவும். ஆய்வு எப்பிடி வாபஸ் ஆவும்? பாத்தத பாக்காம இருக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா." பிறகு அவர் குரல் இளகியது. கைப்பிடிச் சுவருக்கு மேல் இன்னும் கொஞ்சம் குனிந்தார். "எனக்கும் மனசு இருக்குது. ஒரு வழி சொல்றேன். சாய்தளத்த எடுத்துடுங்க. அடுப்பு மேடைய பழைய உயரத்துக்கு ஏத்திடுங்க. குளிக்கிற ரூம்ல இருக்கிற குழாயையும் கழட்டிடுங்க. நான் மறு ஆய்வுக்கு வர்றேன். இவரு கஷ்டப்படுறத ஒரு தடவ பாத்துட்டேன்னா, கையெழுத்துப் போடுற மொத ஆளு நான்தான்."

"நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் கஷ்டப்பட்டா போதுமா சார், இல்ல தினமும் படணுமா?" என்று கேட்டாள் மணிமொழி.

ரங்கநாதன் கேலியைக் கேலி என்று எடுத்துக்கொள்ளாத மனிதர். உண்மையாகவே யோசித்தார். "தொடர்ந்து பட்டா பதிவுக்கு நல்லது," என்றார்.

கண்டக்டர் விசில் ஊதினார்.

அடுத்த வாரம் டிராக்டரோடு முருகையன் வந்தார். சாய்தளத்தை ஆய்வுப் பொருளாக மையத்தின் பாதுகாப்பில் வைக்க உத்தரவு.

"எனக்கு இன்னா தெரியும் மிலிட்டரி. தூக்குன்னாங்க, தூக்குறேன்," என்றார் முருகையன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஆர்டரா?"

"ஆர்டருதான்."

ஆர்டர் என்ற சொல்லுக்கு அவர் உடம்பில் எங்கோ ஒரு ஸ்விட்ச் இருந்தது. கால் போனபோதும் அது போகவில்லை. "போல்ட்டு துருப்பிடிச்சிருக்கும். தேங்காண்ணெ விட்டுக் கழட்டு. இரு, ஸ்பேனர் தர்றேன்," என்றார்.

"ஸ்பேனர் வேற எடுத்துக் குடுக்கிறீங்களா? நல்லாருக்குது. கூட ஒரு டீயும் போட்டுக் குடுங்க," என்றாள் மணிமொழி.

டிராக்டர் போய்விட்டது. வாசலில் மூன்று படி, சாக்கடைக் கால்வாய், அதற்கு அந்தப் பக்கம் தெரு.

இன்னொன்று செய்து போடுகிறேன் என்று பீமாராவ் மாலையே வந்தார். "ரெண்டு நாள் வேலண்ணே. இத்தவிட ஸ்ட்ராங்கா போட்டுடலாம்."

"அதையும் தூக்கினு போவாங்கடா. ஆர்டர் இருக்குது."

"ஆர்டரு ஆர்டருன்னு எத்தினி நாளு உள்ளயே குந்தினு இருப்ப?"

வெயில் என்று சொல்லத் தனகோட்டி வாயெடுத்தார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

சில நாட்களில் சவரம் நின்றது. பேப்பர் மடித்தபடியே கிடந்தது. ஒருநாள் மணிமொழி கடையிலிருந்து வந்து பார்த்தபோது அடுப்பு பற்றவைக்காமல் இருந்தது.

"டீ போடலியா?"

"போட்டா மறுபடி எவனாவது எழுதிடுவானோன்னு விட்டுட்டேன்."

வேடிக்கைக்குத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சுத்தமாக இருந்த பாத்திரங்களை அவள் வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தது அவருக்குக் கேட்டது. அப்போதுதான் அவருக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. எல்லையில் வந்த பயம் வேறு. அது சத்தமாக வரும், வந்த வேகத்தில் போகும். இது வீட்டுக்குள் வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டது. இப்படியே இருந்தால் இதுவும் பழகிவிடும் என்பதுதான் அந்தப் பயம்.

மறுநாள் போன் வந்தது. ஆய்வு மையத்தின் விழாப் பிரிவிலிருந்து ஷோபனா என்ற பெண் பேசினாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"வாழ்த்துகள் சார். இந்த வருஷம் சிறந்த தடையற்ற இல்லம் விருது உங்க வீட்டுக்குத்தான்."

"எங்க வீட்டுக்கா? எதுக்கும்மா?"

"ஆய்வு அறிக்கையப் பாத்துத்தான் சார் தேர்வு பண்ணோம். சாய்தளத்தப் பத்தி ரங்கநாதன் சார் அவ்ளோ அழகா எழுதியிருக்காரு."

"அத்ததான் உங்காளுங்க எடுத்துனு போயிட்டாங்களேம்மா."

"அது வரிப் பிரிவு சார். நாங்க விழாப் பிரிவு. எங்களுக்குப் போட்டோவுல இருக்குது, போதும். மாநிலத் தலைவர் ஐயாவே வர்றாரு. நேரத்துக்கு வந்துடுங்க சார்."

போக மாட்டேன் என்றார் தனகோட்டி. போகலாம் என்றாள் மணிமொழி. "அந்த ரங்கநாதன் மூஞ்சி அப்ப எப்பிடி இருக்குதுன்னு நான் ஒரு தடவ பாக்கணும். நீங்க அவார்டு வாங்குங்க, நான் பாத்துக்கினு இருக்கேன்."

விழா ஒரு கல்யாண மண்டபத்தில். பீமாராவும் பட்டறைப் பையன்கள் மூன்று பேரும் வந்து தனகோட்டியை நாற்காலியோடு தூக்கிக் கால்வாயைத் தாண்டி வைத்தார்கள். மண்டபத்து வாசலிலும் படி. அங்கேயும் தூக்கினார்கள். அவருக்கு முன்னால் இன்னும் சில முன்னாள் படைவீரர்களை அவரவர் வீட்டார் அதே மாதிரி தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். படிக்கு மேலே, 'தடையில்லா உலகம் படைப்போம்' என்று எழுதிய வளைவு.

மேடை உயரமாக இருந்தது. அதற்கு ஒரு பக்கத்தில் சாய்தளம். மேலே சிவப்புக் கம்பளம், கைப்பிடியில் சுற்றிச் சுற்றிச் சாமந்திச் சரம். தலைவர் ஐயா வெள்ளை வேட்டியில், இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தார்.

பீமாராவ் குனிந்து தனகோட்டியின் காதில் சொன்னார். "அண்ணே, அது நம்மளுது."

"இன்னாடா சொல்ற?"

"சாமந்திக்கு உள்ள பச்சப் பெயின்ட் தெரியுது பாரு. என் வெல்டிங்க கண்ண மூடினு தடவிப் பாத்தாக்கூடச் சொல்லிடுவேன்."

மணிமொழி புடவைத் தலைப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ரங்கநாதன் வரவேற்றுப் பேசினார். "எத்தனையோ இல்லங்களுக்கு ஆய்வுக்குப் போயிருக்கிறேன். கஷ்டம் இருந்தால் கஷ்டம் என்றும், இல்லாவிட்டால் இல்லை என்றும் எழுதுகிறவன் நான். பல வீடுகளில் கஷ்டத்தைப் பார்த்ததுமே எனக்குக் கண் கலங்கிவிடும். அதனால் சீக்கிரம் வெளியே வந்துவிடுவேன். தனகோட்டி அவர்களின் இல்லத்தில்தான் நிம்மதியாக உட்கார்ந்து இரண்டு டீ குடித்தேன். இப்படி ஒவ்வொரு வீரரும் வீட்டில் தடையில்லாமல் வாழ்ந்தால், சலுகை கேட்டு யாருமே வர மாட்டார்கள். அந்த நாளுக்காகத்தான் இந்த மையம் இரவு பகலாக உழைக்கிறது."

கைதட்டினார்கள். அடுத்து தலைவர் ஐயா.

"எனக்குப் போன மாசம் மூட்டு ஆபரேஷன்," என்று உருக்கமாக ஆரம்பித்தார். "அப்பத்தான் மூணு படி ஏறுறது எவ்வளவு பெரிய விஷயம்னு புரிஞ்சுது. அதுவரைக்கும், உண்மையச் சொல்றேன், இவங்கள்லாம் கொஞ்சம் மிகைப்படுத்துறாங்கன்னுதான் நெனச்சினு இருந்தேன். மேடைக்கு ஒரு சாய்தளம் இருந்தா நல்லாருக்கும்னு ரங்கநாதன்கிட்ட ஒரு வார்த்தைதான் சொன்னேன். எங்க வாங்குனாரோ, எப்பிடி வாங்குனாரோ, நான் கேக்கல. அன்னிக்கே ரெடி. தேவைன்னு ஒருத்தர் சொன்னா அன்னிக்கே நடக்கிற மையம் இது."

மறுபடி கைதட்டல். ஷோபனா மைக்கில் தனகோட்டியின் பெயரைக் கூப்பிட்டாள்.

தனகோட்டி சாய்தளத்தின் முன்னால் போய் நாற்காலியை நிறுத்தினார். கைகளைச் சக்கரத்தில் வைத்தார். வண்டி தானாகவே வழி தெரிந்த மாதிரி ஏறியது. அந்தச் சரிவு எங்கே லேசாக இடது பக்கம் சாயும், எங்கே ஒரு தம் கூடக் கொடுக்க வேண்டும் என்று அவர் தோளுக்கு மனப்பாடம். மேலே போய்ச் சேர்ந்தபோது அவருக்குள் எதுவோ நிமிர்ந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். பித்தளையில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். நல்ல கனம். ஏற்புரையாக இரண்டு வார்த்தை என்று ஷோபனா மைக்கை நீட்டினாள்.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றார் தனகோட்டி. "இந்த ரேம்ப்புல ஏறி வர்றது ரொம்ப சௌகரியமா இருந்துது. என் வீட்டுது, அதான். இறங்கனதும் எடுத்துனு போயிடுறேன். நன்றி."

எல்லோரும் கைதட்டினார்கள். எதற்கும் கைதட்டுகிற கூட்டம். தலைவர் ஐயாவும் சிரித்துக்கொண்டே தட்டினார்.

தனகோட்டி இறங்கினார். கடைசி அடி இரும்பைச் சக்கரம் தாண்டியதும் திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "பீமா, தூக்கு."

பீமாராவும் பையன்களும் சாமந்தியைப் பிய்த்தார்கள். முருகையன் ஓடி வந்தார். தடுக்கத்தான் வருகிறார் என்று பையன்கள் முறைத்தார்கள். அவர் குனிந்து கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். "கம்பளம் ஆபீஸ்துங்க. மத்ததப் பத்தி எனக்கு ஆர்டர் இல்ல," என்று சொல்லிவிட்டு ஒதுங்கினார்.

"ஏய், ஏய், அது ஆய்வுப் பொருள்," என்று ரங்கநாதன் மேடை ஓரத்துக்கு வந்தார். "கோப்பு இன்னும் முடியல. தனகோட்டி, உத்தரவு இருக்குது."

தனகோட்டி நாற்காலியைத் திருப்பினார். இந்தத் தடவை ரங்கநாதன் மேலே நின்றது அவருக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. "நான் ரிட்டயர் ஆயி வருசமாவுது சார்," என்றார். "எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

மணிமொழி அவர் தோளிலிருந்து நழுவிய பொன்னாடையை எடுத்து மடித்துக்கொண்டாள். "முடிங்க சார், நிதானமா முடிங்க," என்றாள் ரங்கநாதனிடம். "இங்கயே குந்தினு முடிங்க. அவசரமில்ல."

சாய்தளத்தை நேராக மண்டபத்து வாசலுக்குக் கொண்டுபோய்ப் படிகள் மேல் போட்டார்கள். அங்கே தரை மேடு பள்ளம். ஒரு மூலை ஆடியது. "முட்டுக் குடுக்க எதுனா இருக்குதாண்ணே?" என்று பீமாராவ் தேடினார். தனகோட்டி கேடயத்தை நீட்டினார். அது கச்சிதமாகப் பொருந்தியது. அவர் தன் கையால் சக்கரத்தைத் தள்ளித் தெருவில் இறங்கினார். அவருக்குப் பின்னால், தூக்கி வரப்பட்ட இன்னொரு படைவீரர், வீட்டாரை விலகச் சொல்லிவிட்டுத் தானே இறங்கினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். உள்ளே இருந்த கூட்டம் மெல்ல வாசலுக்கு நகர்ந்தது.

மேடையில் மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. வாசலில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் தலைவர் ஐயாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"ரங்கநாதன், நான் எப்பிடி இறங்கறது?"

இத்தனை வருஷப் பழக்கத்தில் தானாகவே வருகிற குரலில் ரங்கநாதன் சொன்னார்.

"ஒரு மனு எழுதிக் குடுத்துடுங்க ஐயா. நேர்ல வந்து பாத்துடறேன்."